பாட்டி வாங்கிக் கொடுத்த பெட்டி

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். இன்றைய தலைப்பு டெக்னோ இசை என்று அறிவித்ததும் முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். டும் டும் என்று இடிக்குமே, அதற்கு ஒரு சொற்பொழிவா என்பது அந்தச் சிரிப்பின் பொருள். ஆம் ஐயா, அதேதான். ஆனால் அந்த இடிக்குப் பின்னால் ஒரு பாட்டி இருக்கிறார்.

டெக்னோவின் முன்னோடி எனப்படும் ஹுவான் அட்கின்ஸின் பாட்டி அவர். அட்கின்ஸ் 1962-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். தந்தை கச்சேரிகள் ஏற்பாடு செய்பவர். பையனுக்கு முதலில் கைவந்தது பாஸ் கித்தார். பதின்ம வயதில் பாட்டியோடு பெல்வில் என்ற சிற்றூரில் குடியேறினார். டெட்ராய்ட்டிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த இடம். பாட்டி வீட்டில் ஹம்மண்ட் ஆர்கன் ஒன்று இருந்தது. அதற்காக அவர் கிரின்னெல்ஸ் என்ற இசைக்கருவிக் கடைக்குப் போகும்போது பேரனும் கூடவே போவான். பாட்டி முன்பக்கம் பேசிக்கொண்டிருக்க, பேரன் பின்னறையில், மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசர்களின் முன்னால் நிற்பான். கெஞ்சிக் கூத்தாடி பாட்டியை ஒன்று வாங்க வைத்தான். கோர்க் எம்எஸ்-10.

இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 32 கட்டைகள்தான். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். தாளம் எழுப்பும் டிரம் மெஷின் கையில் இல்லை. ஆகவே டிரம்மையும் இதிலேயே செய்தார். அதனுள் வெறும் இரைச்சலை எழுப்பும் ஒரு பகுதி உண்டு. குழாயில் தண்ணீர் பீறிடுவது போன்ற ஓசை. அதைச் சட்டென்று நறுக்கினால் சிறு பறையின் அறை. இன்னும் குறுக்கினால் தாளத்தட்டின் சிலிர்ப்பு. தாழ்ந்த சுரமொன்றை எழுப்பிய கணத்தில் அமுக்கினால் பெரிய முரசு. இவற்றை ஒரு கேசட் டெக்கில் பதிந்து, அதை ஓடவிட்டு, மேலே அடுத்த ஒலியை வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு டெக்கில் பதிவார். பிறகு அதன்மேல் இன்னொன்று. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டு நகலெடுத்த தலைமுறை இந்த அவையில் நிறையவே இருக்கிறது. ஒவ்வொரு நகலுக்கும் நாடாவின் இரைச்சல் எப்படிக் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் அவர் தொழில் கற்றார்.

வாசிக்கக் கற்றது அப்படி. கேட்கக் கற்றது வானொலியில். எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் ஓர் அறிவிப்பாளர் டெட்ராய்ட் வானொலியில் இரவு நேரத்தில் பேசுவார். முகத்தை வெளியே காட்டமாட்டார். நிகழ்ச்சியில் ஒரு விண்கலம் தரையிறங்கும். வாசல் விளக்கைப் போட்டு அணையுங்கள், காரில் இருந்தால் ஹாரன் அடியுங்கள் என்பார். ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் என்ற கறுப்பர் ஆட்ட இசையையும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் என்ற மின்னணு இசைக் குழுவையும் ஒரே இரவில் போடுவார். கறுப்பர் வானொலி, வெள்ளையர் வானொலி என்று பிரிந்து கிடந்த நாட்டில் இது சாதாரணக் காரியமில்லை. பெல்வில் பள்ளியில் அட்கின்ஸுக்குக் கிடைத்த நண்பர்கள் டெரிக் மே, கெவின் சாண்டர்சன். கையிலிருக்கும் இசைத்தட்டைச் செய்தவன் என்ன நினைத்துச் செய்திருப்பான் என்று நண்பர்கள் பேசிப் பேசியே பொழுதைக் கழிப்பார்கள். டிஜே வேலையை டெரிக் மே கற்றது அட்கின்ஸிடம்.

பள்ளி முடிந்து கல்லூரியில் ரிக் டேவிஸைச் சந்தித்தார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர். தன்னை 3070 என்று எண்ணால் அழைத்துக்கொண்டவர். இருவரும் சேர்ந்து சைபோட்ரான் என்ற பெயரில் 1981-இல் 'ஆலீஸ் ஆஃப் யுவர் மைண்ட்' தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். மோஜோ அதை ஒலிபரப்பினார். டெட்ராய்ட் வட்டாரத்திலேயே ஏறத்தாழ 15,000 பிரதிகள் போயின. அதே ஆண்டு டெட்ராய்ட்டின் வேறொரு குழு வெளியிட்ட 'ஷேரிவாரி' தான் முதல் டெக்னோ தட்டு என்று வாதிடுவோரும் உண்டு. எந்தத் தட்டு எந்த வாரம் வந்தது என்று சண்டை போடுவதில் எனக்கு ருசியில்லை. 1983-இல் சைபோட்ரானின் 'கிளியர்' வந்தது. பிறகு டேவிஸ் ராக் இசைப் பக்கம் சாய்ந்தார், அட்கின்ஸ் விலகினார்.

1985-இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, மாடல் 500 என்ற பெயரில் 'நோ யூஎஃப்ஓஸ்' வெளியிட்டார். ஏதோ எந்திரத்தின் பெயர்போல இருக்கிறதே என்று கேட்கலாம். வேண்டுமென்றே வைத்ததுதான். பெயரைப் பார்த்து வாசிப்பவன் எந்த இனம் என்று எவரும் கணக்குப் போடக்கூடாது என்பது அவர் எண்ணம். மெட்ரோபிளெக்ஸில் டெரிக் மேயும் எடி ஃபௌல்க்ஸும் தட்டுகள் வெளியிட்டார்கள். அட்கின்ஸ், மே, சாண்டர்சன் மூவரை மட்டும் 'பெல்வில் மூவர்' என்று எழுதிப் பழகியவர்கள் ஃபௌல்க்ஸை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

டெக்னோ என்ற பெயருக்கு வருகிறேன். 1988-இல் இங்கிலாந்தின் நீல் ரஷ்டன் டெட்ராய்ட் இசையை ஓர் இசைத்தட்டுத் தொகுப்பாக்கினார். சிகாகோவின் ஹவுஸ் என்ற நடன இசை இங்கிலாந்தில் விற்றுக்கொண்டிருந்ததால், 'டெட்ராய்ட்டின் ஹவுஸ் ஓசை' என்பது போன்ற தலைப்பைத்தான் நினைத்திருந்தார்கள். அட்கின்ஸ் அனுப்பிய பாடலின் பெயர் 'டெக்னோ மியூசிக்'. எதிர்காலவியல் எழுத்தாளர் ஆல்வின் டாஃப்ளரைப் படித்துவிட்டுப் பல ஆண்டுகளாகவே அந்தச் சொல்லைக் கையில் வைத்திருந்தவர் அவர். தொகுப்பின் தலைப்பு மாறியது. சிகாகோவின் கிளையாக அறியப்பட்டிருக்க வேண்டிய இசைக்குத் தனிப்பெயர் கிடைத்தது.

அந்தச் சமயத்தில் ஒரு பேட்டியில் அட்கின்ஸ், டெட்ராய்ட்டில் பிறந்த மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் நிறுவனர் பெரி கோர்டியின் இசையைவிட ஃபோர்டு தொழிற்சாலை ரோபோக்கள் மீதுதான் தனக்கு ஆர்வம் அதிகம் என்றார். ஊரே கொண்டாடும் மோடவுனைப் பற்றி இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். மோடவுன் 1972-லேயே லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. மிஞ்சியிருந்த கார்த் தொழிற்சாலைகளில் ரோபோக்கள் வேலை செய்துகொண்டிருந்தன. ரோபோ வந்துவிட்டதே என்று அவர் ஒப்பாரி வைக்கவில்லை. பாட்டி வாங்கித் தந்த பெட்டியைத் திருகித் திருகி, எந்திரத்துக்கும் ஃபங்க் வரும் என்று காட்டினார்.

பிறகு பெர்லின் அவரை வரவேற்றது. அங்குள்ள இசைக்கலைஞர் மோரிட்ஸ் ஃபொன் ஓஸ்வால்டோடு சேர்ந்து பல ஆண்டுகள் பணியாற்றினார். 2005-இல் அமெரிக்க ராப் பாடகி மிஸ்ஸி எலியட் 'கிளியர்' இசையின் துண்டை எடுத்துத் தன் பாட்டில் வைத்தபோது, கோடிக்கணக்கானோர் பெயர் தெரியாமலே அட்கின்ஸைக் கேட்டார்கள்.

போதும், நிறுத்திக்கொள்கிறேன். நூலகரிடம் சொல்லி ஒலிபெருக்கியை இணைத்து வைத்திருக்கிறேன். 'நோ யூஎஃப்ஓஸ்' சில நிமிடங்கள்தான். முன்வரிசைப் பெரியவர்கள் தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள். இடியை விட்டுவிடுங்கள், அதற்கு அடியில் ஓடும் பாஸை மட்டும் கேளுங்கள். கித்தார் பழகிய பையனின் கை அதில் தெரிகிறதா என்று பிறகு எனக்குச் சொல்லுங்கள்.