ஆறாம் வகுப்பின் முதல் தவணை

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்தால் எங்கள் ஊர்களில் ஒரு கிழமை திருவிழாத்தான். பத்திரிகையில் படம், ரியூசன் வாசலில் பதாகை, கோயிலில் அர்ச்சனை. வெட்டுப்புள்ளியை, அதாவது தெரிவாகத் தேவையான குறைந்த புள்ளியை, தாண்டிய பிள்ளையை ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும். அதே பிள்ளை சில மாதங்கள் கழித்து, நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றின் ஆறாம் வகுப்பில் போய் இருக்கும் நாட்களைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன். அப்படியான ஒரு பாடசாலையில் முப்பது வருடங்களுக்கு மேல் புவியியல் படிப்பித்தேன். அதில் பாதிக் காலம் விடுதிப் பொறுப்பும் என்னிடம் இருந்தது.

1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. கெட்டித்தனம் இருந்தும் கையில் வசதியில்லாத பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதியில் வைத்துப் படிப்பிக்கத்தான் புலமைப்பரிசில் வந்தது. 1945இல் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. இன்று இந்தப் பரீட்சைக்கு இரண்டு வேலை: வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பது, பேர்பெற்ற பாடசாலைகளில் இடம் கொடுப்பது. இடத்துக்கான போட்டி உதவிப்பணத்தின் நோக்கத்தை விழுங்கிவிட்டது என்பது என்னுடைய மனத்தாங்கல்.

அது இருக்கட்டும். இடம் கிடைத்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது?

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அநேகமாக எல்லாப் பாடத்துக்கும் ஒரே ரீச்சர். எந்தக் கொப்பியை எடுக்க வேண்டும் என்றுகூட அவரே சொல்லுவார். ஆறாம் வகுப்பிலோ, நான் படிப்பித்த காலத்தில், ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை. 40 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், ஓர் ஆசிரியர் போக இன்னொருவர் வருவார். விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரம், இரண்டாம் மொழியாகச் சிங்களம் என்று பாடங்கள் வந்து குவியும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய மாற்றம். பெரியவர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலிருந்து வந்த ஒரு மாணவன். அவனுடைய பை எப்போதும் முதுகை வளைக்கும் பாரமாக இருக்கும். நேரசூசியைப் பார்த்துப் புத்தகம் அடுக்கத் தெரியாமல், எல்லாக் கொப்பியையும் தினமும் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். ஒரு நாள் என் பாடத்தில் அவன் மேசையில் வரலாற்றுக் கொப்பி கிடந்தது. "164 புள்ளி எடுத்த பிள்ளைதானே நீ? இதுகூடத் தெரியாதோ?" என்று வகுப்புக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். அந்தக் கைகள் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன.

முதலாம் தவணைத் தேர்ச்சி அறிக்கையில் அவனுக்கு 31ஆம் நிலை. ஊர்ப் பாடசாலையில் எப்போதும் முதலாம் பிள்ளையாக இருந்தவன். 42 பேர் கொண்ட அந்த வகுப்பில் எல்லாருமே தங்கள் தங்கள் பாடசாலையில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வந்தவர்கள்தான். கூட்டிப் பார்த்தால், அவர்களில் யாரோ ஒருவர் 31ஆவதாக வந்தே ஆக வேண்டும். இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கும். அந்த வயதில் அவனுக்கு எப்படி விளங்கும்? வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு வெளிக்கிட, அவன் மட்டும் விடுதியிலேயே நின்றான். குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டேன் என்றான். அறிக்கை அவனுடைய தலையணை உறைக்குள் இருந்தது.

ஆறாம் வகுப்பு முதல் தவணையில் நிலை போடவே கூடாது என்று ஆசிரியர் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்பார்கள். பெற்றோரைக் கேட்டால், பாடசாலை போடுகிறதே என்பார்கள்.

இரண்டாம் தவணையில் ஒரு நாள், தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு, "இந்தக் காற்றை உங்களில் யாராவது கண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். அவன் மெல்ல எழும்பினான். "சேர், அது சோளகம். சோளகம் பலமா அடிச்சா எங்கட படகு ஓடாது. அம்மம்மாவுக்கு வருத்தம் வந்தாலும் கொண்டுபோக ஏலாது" என்றான். பிறகு வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தக் காற்றில் என்ன மீன் படும் என்பது வரை போனான். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி அடித்த பிறகும் இரண்டு பேர் அவனுடைய மேசையடியில் நின்று கேள்வி கேட்டார்கள். நான் சோக்கட்டியை அவன் கையில் கொடுத்து, நான்கு காற்றின் பெயரையும் பலகையில் எழுதச் சொன்னேன். அடுத்த பாடத்துக்கு வந்த ஆசிரியர் அதை அழிக்காமல் ஒரு மூலையில் விட்டிருந்தார்.

இந்த முறை பிள்ளையைத் தொலைவிலுள்ள பாடசாலைக்கு அனுப்பும் தாய் தகப்பனிடம் ஒன்று கேட்கிறேன். போகமுன் ஒரு மாதம், மாலையில் அவனோடு கூட இருந்து நேரசூசி பார்த்துப் பை அடுக்கப் பழக்குங்கள். தன் உடுப்பைத் தானே தோய்க்கப் பழக்குங்கள். முதல் விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது அறிக்கையைக் கேட்காதீர்கள். பக்கத்தில் யார் இருக்கிறார், விடுதியில் இரவுச் சாப்பாடு என்ன, யாரோடு விளையாடுகிறாய் என்று கேளுங்கள். அறிக்கையை அவனே எடுத்துத் தருவான்.

வணக்கம்.