தண்ணீர் போகிற வழி

நேயர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. தூத்துக்குடியில் வாட்டர் சர்வீஸ் போடுகிற இடங்களில் இப்போதே வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கியிருக்கும். பழைய வண்டியைச் சுத்தம் செய்வது பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்தார் கேட்டதும் உடனே சரி என்றேன். பல வருஷமாக என் மனதில் கிடக்கிற விஷயம் இது.

என்னுடையது 2006 மாடல் பிக்கப். மீட்டரில் 4,60,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அதில் முக்கால்வாசி, திரேஸ்புரத்தில் மீன் ஏற்றி, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போய்த் திரும்பிய ஓட்டம். இளவயது டிரைவர்கள் வந்து, "அண்ணாச்சி, இந்தப் பழைய வண்டிக்கு என்ன பாலிஷ் போடுறீங்க?" என்று கேட்பார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி பாலிஷ்தான். நான் சொல்வது, "தம்பி, முதல்ல ஒரு சாக்கை விரிச்சு வண்டிக்கு அடியில படு." பாலிஷ் கடைசியில். இந்த உரையிலும் அதைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

ஏன் அடியில் படுக்க வேண்டும்? உப்பு அங்கேதான் இருக்கிறது. மீன் பெட்டியில் ஐஸ் உருகிச் சொட்டும் தண்ணீர் கடல் உப்பு கலந்த தண்ணீர். அது பாடியின் வரிப்பள்ளங்களில் ஓடி, இடுக்குகளில் இறங்கி, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸில் வடியும். மீன் ஏற்றாதவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். உப்பளத்து ஓட்டம் இருக்கிறது, கடற்காற்று இருக்கிறது. நம் ஊரில் நிற்கிற வண்டிக்கு உப்பு ஏதோ ஒரு வழியில் வந்து சேரும்.

வீட்டு அடுப்படியில் கல்லுப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் பொலபொலவென்று கிடக்கும் உப்பு, ஐப்பசி மழை பிடித்ததும் நசநசவென்று நீர்விடும். அதில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்துக் கரையத் தொடங்கும். வண்டி அடியில் காய்ந்து கிடக்கும் உப்பும் இதையேதான் செய்கிறது. பகலில் காய்ந்தது போலத் தெரியும், ராத்திரி மறுபடி ஈரமாகும். வெயிலில் நிறுத்தினால் காய்வது தண்ணீர் மட்டும்தான். உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், தகரத்தை அரித்துக்கொண்டே இருக்கும்.

அதனால் லோடு இறக்கியதும், அன்றைக்கே, நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கரிக்கும். வேறு வழியில்லை, அதில்தான் கழுவ வேண்டும் என்றால், கடைசி அலசலுக்காவது நாலு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பாடியில் ரப்பர் ஷீட் விரித்திருந்தால் அதைச் சுருட்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். ஷீட்டுக்கு மேல் எத்தனை குடம் ஊற்றினாலும், அதன் அடியில் நேற்றைய உப்பு அப்படியேதான் இருக்கும்.

இப்போது ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். வண்டி கழுவுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அன்றைக்கு ஒரு ராத்திரியில் கற்றுக்கொண்டது.

ஒரு ஆடி மாதம். மலைக்கு அந்தப் பக்கம் நல்ல மழை. கொல்லத்தில் மீனை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறோம். ஆரியங்காவு வளைவுகளில் ஏறும்போது ஒரு சத்தம். சளக். அடுத்த வளைவில் மறுபடி சளக். தண்ணீர் கேன் உருள்கிறது என்று நினைத்தேன். கிளீனர் பையன் கேனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அப்போதும் சளக். நிறுத்தி டீசல் டேங்கைப் பார்த்தோம், ரேடியேட்டரைப் பார்த்தோம், பின்னால் ஏறி ஐஸ் பெட்டியைத் திறந்தும் பார்த்தோம். மூன்று முறை நிறுத்தினோம். ஒன்றும் அகப்படவில்லை. மழையில் நனைந்ததுதான் மிச்சம்.

செங்கோட்டை வந்து டீ குடிக்க இறங்கினோம். நான் கதவைச் சாத்தினேன். கதவுக்குள் சளக் என்றது. பக்கத்தில் பஞ்சர் கடை. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் சத்தத்தைக் கேட்டுவிட்டார். எழுந்து வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. கையில் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. கதவைத் திறந்து, அடி விளிம்பைக் கையால் தடவி, ஒரு இடத்தில் கம்பியை விட்டுக் குத்தினார். கொட்டியது தண்ணீர். டீ நிறத்தில், துருவும் சேறுமாக, கால் குடம் இருக்கும். கூடவே வேப்பிலைச் சருகு, எப்போதோ கண்ணாடி இடுக்கில் விழுந்த ஒரு ரூபாய்க் காசு, ஊறிப்போன லாட்டரிச் சீட்டு ஒன்று. பெரியவர் சொன்னார்: "தம்பி, தண்ணி போற வழியை அடைச்சு வச்சுக்கிட்டு, வண்டி துருப்பிடிக்குதுன்னா எப்படி?"

வீட்டுக்கு வந்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். கதவின் வெளிப்பக்கம் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. அடி விளிம்பை விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. வாரம் தவறாமல் துடைத்த கதவு அது. வெளியே துடைத்தேன், உள்ளே தண்ணீர் நின்றது. டிங்கர் வேலை செய்து கீழ்ப்பகுதியை வெட்டிப் புதுத் தகரம் வைக்க வேண்டியதாயிற்று.

எந்த வண்டியின் கதவிலும் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. அது வெளியே வருவதற்காகத்தான் கதவின் அடியில் சிறு சிறு துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். புழுதியும் சருகும் சேர்ந்து அதை அடைத்துவிடும். சரி, கதவு மட்டுமா? வைப்பருக்குக் கீழே கம்பி ஜாலி மாதிரி இருக்குமே, அதற்குள் கையை விட்டுப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் ஒரு கூடைச் சருகு வரும். சேஸில் உள்ள ஓட்டைகள், ஃபுட்போர்டுக்கு அடியில் உள்ள மடிப்பு, மட்கார்டின் உள்விளிம்பு. மட்கார்டு விளிம்பில் சேறு ஒட்டிக்கொண்டு ஈரத்துணி மாதிரி மாதக்கணக்கில் இருக்கும். அந்த இடத்துக்குக் கண் போகாது, விரல்தான் போக வேண்டும். கம்பியை மெதுவாக விடுங்கள். ஆணியால் குத்தினால் உள்ளே இருக்கும் பெயிண்ட் போய், அங்கேயே துரு தொடங்கும். அந்தச் சைக்கிள் கம்பி இப்போதும் என் வண்டியில் இருக்கிறது.

அப்புறம் ஒரு வழக்கம். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் கழிவு ஆயிலோடு டீசல் கலந்து அடியில் ஸ்பிரே அடிப்பார்கள். நானும் பல வருஷம் அடித்தேன். கருகருவென்று புது வண்டி மாதிரி தெரியும். ஆனால் அந்த ஆயில், இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களை ஊதி இளக வைக்கும், சாலைப் புழுதியை இழுத்து ஒட்டிக்கொள்ளும், சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கும். நம் நிலத்தடித் தண்ணீர் ஏற்கெனவே படுகிற பாடு போதும். அதற்குப் பதில், கழுவிய பிறகு ஒரு முழு நாள் காய விடுங்கள். உதிர்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். மறுபடி நல்ல தண்ணீர் விட்டுக் காய வைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் கறுப்பு பெயிண்ட். நடுவில் அந்த இரண்டாவது அலசலை விட்டுவிடாதீர்கள். துருவுக்கு அடியில் உப்பு ஒளிந்திருக்கும்.

இப்போது கேபினுக்குள் வருவோம். மீன் வண்டியில் வாடை போகாது என்பார்கள். போகும். நம் வீடுகளில் மீன் கழுவிய கையைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள் இல்லையா? மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் அது காற்றில் எழும்பாமல் அடங்கிவிடும். ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர். ரெக்சின் சீட், ரப்பர் மேட், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அதில் துடைத்து, உடனே வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள். பெயிண்ட் போன தகரத்தில் பட வேண்டாம், புளிப்பு இரும்பைத் தின்னும். ஆனால் மேட்டைத் தூக்காமல் இதைச் செய்து பலனில்லை. மேட்டுக்கு அடியில் இருக்கும் மெத்தை மாதிரியான விரிப்புதான் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அதை எடுத்து மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். கண்ணாடியில் சென்ட் பாட்டில் தொங்கவிடுவதெல்லாம் அதன் பிறகு.

இன்ஜினைக் கழுவுவது பற்றி. சூடாக இருக்கும்போது தண்ணீர் விடாதீர்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டர் வாய், இந்த மூன்றையும் பாலிதீன் பையால் கட்டிவிட்டு, பிரஷ்ஷும் லேசான தண்ணீருமாகக் கழுவுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம். பழைய இன்ஜினில் ஆயில் கசிவு இருக்கும், அழுக்கோடு அழுக்காக எங்கிருந்து கசிகிறது என்று தெரியாது. கழுவித் துடைத்து, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கசிகிற இடம் தானே காட்டிக் கொடுக்கும். ஒரு முறை இதே மாதிரி வண்டி அடியைத் துடைக்கும்போதுதான், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் மயிரிழை அளவு விரிசலைக் கண்டேன். மறுநாள் லோடோடு மலையேற வேண்டிய வண்டி அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. பாலிஷ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வெள்ளைப் பெயிண்டை விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். நிழலில் நிறுத்தி, பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் தொட்டுக் கையாலேயே தேய்த்தால் போதும். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லிசு, அங்கே அழுத்த வேண்டாம். மேலே வாக்ஸ். பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டால் அந்த வாக்ஸ் போய்விடும்.

ஹெட்லைட்டைத் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்காக இருந்து மஞ்சளடித்திருந்தால், முதலில் 1000, பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, காம்பவுண்ட் போடலாம். வெயிலைத் தாங்குகிற கோட்டிங் மேலே அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் கண்ணாடியில் வையுங்கள். பழைய வெள்ளைப் பெயிண்டில் வைத்தால் கறை போவது கஷ்டம்.

கடைசியாக ஒன்று. கழுவிய வண்டியில் பிரேக் டிரம் ஈரமாக இருக்கும், மிதித்தால் உடனே பிடிக்காது. சாலையில் ஏறியதும் மெதுவாகப் போய், பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, நாலைந்து முறை லேசாக மிதித்து மிதித்து விடுங்கள். பிரேக் பழையபடி பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு லோடு ஏற்றப் போங்கள். வணக்கம்.