வயதைக் கூட்டிச் சொல்லும் நீச்சல்காரர்கள்

நேயர்களுக்கு என் வணக்கம். இந்த உரைக்கு முதலில் "நீச்சலும் உடல்நலமும்" என்றுதான் தலைப்புத் தந்தார்கள். நான்தான் அதை மாற்றும்படி கேட்டுக்கொண்டேன். நீச்சல் உடலுக்கு நல்லது என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால், நல்லது என்ற ஒரே காரணத்திற்காக நாம் தொடங்கிய காரியங்களில் எத்தனை மூன்றாவது வாரத்தைத் தாண்டியிருக்கின்றன? மழை வந்தால் நின்றுவிடும், அலுவலகத்தில் வேலை கூடினால் நின்றுவிடும், தீபாவளி வந்தால் முறுக்கோடு நின்றுவிடும். இளமையில் போட்டிகளில் நீந்திவிட்டு, பிறகு வேலை, திருமணம், பிள்ளைகள் என்று குளத்தை மறந்துபோனவர்கள் நாற்பது, ஐம்பது வயதில் மீண்டும் தண்ணீரில் இறங்கும்போது, அவர்களை விடாமல் பிடித்து வைத்திருப்பது உடல்நலத்தைப் பற்றிய அக்கறை அல்ல, பெயர் கொடுத்துவிட்ட ஒரு போட்டியின் தேதிதான் என்பது என் நெடுநாள் கருத்து. இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில் நம் சிங்கப்பூரில் எந்த வட்டாரத்துப் பொது நீச்சல் குளத்திற்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் ஒரு கையில் துண்டும் மறு கையில் மைலோவுமாகப் படிக்கட்டில் அமர்ந்திருப்பார்கள். அவர்களிலும் சிலர் ஒரு காலத்தில் பள்ளிக்காக நீந்தியவர்கள்தாம். கேட்டால், "அதெல்லாம் அந்த வயதோடு சரி" என்பார்கள். அப்படி நினைப்பதற்கு நம்மிடம் காரணமும் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர், 800 மீட்டர் எதேச்சை பாணி (ஃப்ரீஸ்டைல்) நீச்சலில் தங்கம் வென்றபோது நம் ஜூனி ஸ்ங்குக்கு வயது 14. 2016இல் ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணியை 50.39 விநாடியில் முடித்து, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்த ஜோசப் ஸ்கூலிங்கிற்கு வயது 21. நாம் எழுந்து நின்று கைதட்டியதெல்லாம் இளையவர்களுக்குத்தான். ஆனால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் எதேச்சை பாணியில், நூறில் ஒரு விநாடியில் தங்கத்தை நழுவவிட்டு வெள்ளி வென்ற அமெரிக்காவின் டாரா டோரஸுக்கு அப்போது வயது 41. 1984 ஒலிம்பிக்கிலேயே நீந்தியவர். இடையில் ஆண்டுக்கணக்கில் போட்டிகளை விட்டு விலகியிருந்து திரும்பி வந்தவர்.

நாம் எல்லாரும் டோரஸ் ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. "மாஸ்டர்ஸ்" எனப்படும் மூத்தோர் நீச்சல் போட்டிகள் நம்மைப் போன்றவர்களுக்காகவே இருக்கின்றன. அதன் உலகப் போட்டி முதன்முதலில் 1986இல் தோக்கியோவில் நடந்தது. 2025இல் நம் ஊருக்கே வந்தது. 25 வயதிலிருந்து எவரும் சேரலாம். 25 முதல் 29, 30 முதல் 34 என்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் போகும். மேல் வரம்பு கிடையாது. முழங்கால் வலிக்காக 80 வயதில் நீந்தத் தொடங்கிய ஜப்பானிய மூதாட்டி மியேக்கோ நகாவோக்கா, 2015இல் தம் நூறாவது வயதில் 1,500 மீட்டரை ஏறத்தாழ 1 மணி 16 நிமிடத்தில் நீந்தி முடித்தார். வலிக்காக வந்தவர் போட்டிக்காரராக நிலைத்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

இந்த வயதுப் பிரிவில் ஒரு வேடிக்கை உண்டு. நால்வர் அடுத்தடுத்து நீந்தும் தொடர் நீச்சலில், நால்வரின் வயதையும் கூட்டித்தான் பிரிவைத் தீர்மானிப்பார்கள். 200 முதல் 239 வரை ஒரு பிரிவு, 240 முதல் 279 வரை அடுத்த பிரிவு. அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி எந்த வயதோ அதுவே கணக்கு. என்னுடன் பயிற்சி செய்பவர்கள் ஒருமுறை, ஆண் இருவரும் பெண் இருவருமாக நீந்தும் கலப்புப் பிரிவிற்கு அணி சேர்த்தார்கள். முதல் மூவரின் வயது 57, 58, 61. நான்காவதாக வர இருந்த பெண்மணிக்கு 62. நல்ல வேகம் உடையவர். ஆனால் கூட்டிப் பார்த்தால் 238. அந்தக் கணக்கில் நின்றால் ஐம்பதை ஒட்டிய இளவட்டங்களோடு மோத வேண்டும். இரண்டே இரண்டு வயது கிடைத்தால் போதும், மேல் பிரிவில் இவர்களே இளையவர்கள்!

அதே குளத்தில் காலைதோறும் நெஞ்சு நீச்சலில் நிதானமாகப் போய்வரும் ஓர் அக்கா இருந்தார், ஓய்வுபெற்ற தாதி. கேட்பவர்களிடமெல்லாம் தமக்கு 61 என்றே சொல்லிவந்தவர். எங்கள் குழுத் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிப் போய், "அக்கா, தவறாக நினைக்காதீர்கள், உங்களுக்கு 64 ஆகியிருந்தால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்" என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "65 என்றால் வேண்டாமா தம்பி?" என்று கேட்டார். பையைத் திறந்து அடையாள அட்டையையே எடுத்து நீட்டிவிட்டார். இடத்தை விட்டுக்கொடுத்த பெண்மணி அடுத்த சில வாரங்களுக்கு, "எனக்கு வயது போதவில்லையாம்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்தக் கதையை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் அதன் சிரிப்பு மட்டுமன்று. அந்த அக்காவுக்கு முழங்காலுக்காக நீந்தும்படி மருத்துவர் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தூறல் விழுந்தால் அன்று வரமாட்டார். பெயர் கொடுத்த பிறகோ, மின்னல் எச்சரிக்கைச் சீழ்க்கை ஊதி எல்லாரையும் கரையேற்றினாலும், துண்டைப் போர்த்திக்கொண்டு கூரைக்கு அடியில் காத்திருந்து, குளம் திறந்ததும் முதல் ஆளாக இறங்குவார். போட்டியில் அந்த அணிக்குக் கடைசிக்கு முந்திய இடம். மறுநாள் காலை அவர் கேட்ட முதல் கேள்வி, அடுத்த போட்டி எப்போது என்பது. தேதி என்று நான் சொல்வது இதைத்தான்.

1980களில் நீந்தியவர்கள் திரும்பி வரும்போது விதிகளும் மாறியிருப்பதைக் காண்பார்கள். மல்லாந்து நீச்சலில் திரும்புமுன் சுவரைக் கையால் தொட வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. அன்று கற்றதை உடல் மறக்காமல் கையை நீட்டிக்கொண்டு நிற்கும், அதற்குள் பக்கத்துத் தடத்தில் இருப்பவர் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிப் போயிருப்பார். நெஞ்சு நீச்சலில் தொடக்கத்திலும் திருப்பத்திலும் நீருக்கடியில் ஒருமுறை, வண்ணத்துப்பூச்சி பாணியில் போல, இரு கால்களையும் சேர்த்து மேலும் கீழுமாக உதைக்க 2005இலிருந்து இடம் உண்டு.

தோள்பட்டையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் நெருக்குவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். மூச்சு சில வாரங்களில் பிடிபட்டுவிடும், தோளின் தசைநாண்கள் அவ்வளவு விரைவில் பழகா. மூச்சு இடம் தருகிறதே என்று தூரத்தைக் கூட்டாதீர்கள். கையை உயர்த்தும்போது தோளின் முன்பக்கம் குத்தினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் வேகப் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நம் பொதுக் குளங்களில் தலைகீழாகப் பாய அனுமதி இல்லையே, போட்டியில் எப்படிப் பாய்வது என்று கேட்பவர்களுக்கு: மூத்தோர் போட்டி விதிப்படி தண்ணீருக்குள் நின்று சுவரைப் பிடித்தபடியே தொடங்கலாம். வண்ணத்துப்பூச்சி பாணியில் அந்த இணைகால் உதை வராதவர்கள் நெஞ்சு நீச்சலின் உதையைப் போடவும் அதே விதிகள் இடம் தருகின்றன. பதிவு செய்யும் படிவத்தில் உங்கள் நேரத்தைக் கேட்பார்கள். பள்ளிக்கால நேரத்தை எழுதாமல், இந்த வாரம் நீந்திப் பார்த்த நேரத்தை எழுதுங்கள். வணக்கம்.