கொன்றைக்குக் கொஞ்சம் தாகம் வேண்டும்

வணக்கம் நேயர்களே. கொழும்பில் எட்டுப் பேர்ச் காணியில் வீட்டைக் கட்டிவிட்டு, மிஞ்சிய மூலையில் பூவும் நிழலும் தருகிற மரம் ஒன்று வைக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். நானும் அப்படி ஆசைப்பட்டவன்தான்.

முதலில் வைத்தது செம்மயிற்கொன்றை. மடகஸ்கார் தீவிலிருந்து வந்த மரம். குடை விரித்தாற்போல் படரும். ஆனால் வேர் ஆழம் போகாமல் மேலாகவே ஓடும். ஒன்பதாம் வருடம் மதில் வெடித்தது, வடிகானுக்குள்ளும் வேர் இறங்கியது. மேசன் பாஸ் வந்து பார்த்தார். "மதிலைக் கட்டித் தரலாம் ஐயா, மரம் நின்றால் திரும்பவும் வெடிக்கும்" என்றார். வெட்டினோம். கறுவாத்தோட்டத்துப் பெரிய வாகைகளைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அதற்கு ஒரு வீதியே வேண்டும்.

அப்புறம் வைத்ததுதான் கொன்றை. சிங்களத்தில் எஹெல. இந்த மண்ணின் மரம். பெரும்பாலும் 30, 40 அடியோடு நின்றுவிடும். சிவபெருமான் சடையில் சூடுகிற பூ என்பதால் அம்மாவும் மறுப்புச் சொல்லவில்லை. மதிலிலிருந்து 10 அடியாவது தள்ளி, வெயில் நன்றாக விழுகிற இடத்தில் வையுங்கள். மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளம் மட்டும் ஆகாது.

ஆறாம் வருடம் பூத்தது. சித்திரைப் புதுவருடத்துக்குச் சற்று முன் இலை கொட்டி, முழ நீளத்தில் மஞ்சள் சரங்கள் தொங்கின. காலையில் முற்றம் கூட்டவே மனம் வரவில்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: வெயில் கொளுத்துகிற அந்த நாட்களில்தான் இலை குறைவு, நிழலும் குறைவு.

அடுத்த வருடம் பேருக்குக்கூட ஒரு சரம் இல்லை. குற்றம் என்னுடையது. பெப்ரவரியில் இலை வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் தினமும் பைப்பைத் திறந்துவிட்டேன். வளர்ந்த கொன்றை அந்த மாதங்களில் காய்ந்தால்தான் நன்றாக மொட்டு வைக்கும். மழை குறைந்த வவுனியாப் பக்கம் அது கொழும்பைவிட அள்ளிப் பூத்துக் கொட்டுவதும் அதனால்தான். இங்கே சில வருடம் வானமே ஊற்றிவிடும். நாமும் சேர்ந்து ஊற்ற வேண்டாம். தண்ணீர் முதல் இரண்டு வருடக் கன்றுக்குத்தான்.

இலையில் பச்சைப் புழு கண்டால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை; தின்றுவிட்டுப் போகும், மரம் திரும்பத் துளிர்க்கும். காய்க்குள் இருக்கும் கறுத்த புளி பேதி மருந்து. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கன்றை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மரத்தடியில் கிடக்கும் கறுத்த காயை ஆட்டிப் பாருங்கள், சலசலக்கும். விதையின் தோல் கல் மாதிரி இருக்கும். அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். நகவெட்டியால் ஓரத்தில் ஒரு சின்னக் கடி கடித்து, இரவு தண்ணீரில் போடுங்கள். காலையில் ஊதியிருப்பதை நடுங்கள். ஊதாததை இன்னொரு தடவை நகவெட்டிக்குக் கொடுங்கள்.