துணுக்கு என்று தள்ளிவிடாதீர்கள்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

"வரலாற்றை மக்கள் மனத்தில் நிறுத்துவது பெரிய நிகழ்வுகளா, சின்னச் சின்ன விநோதங்களா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819, ஜப்பானிடம் விழுந்த 1942, தனி நாடான 1965 என்று மூன்று ஆண்டுகளைச் சொன்னார். "இதுதான் சிங்கப்பூர், மற்றதெல்லாம் கோப்பிக்கடைத் துணுக்கு" என்று முடித்தார். நல்ல கைத்தட்டல். நானும் தட்டினேன் அக்கா, பொறாமையோடுதான் தட்டினேன். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளையும் கேட்டுவிட்டு இந்த அரங்கில் யாராவது "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை. ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். தேர்வுக்குப் படித்தோம், எழுதினோம், மறுநாளே இறக்கி வைத்துவிட்டோம்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். கேட்கிறீர்களா இல்லையா என்று பார்ப்போம்.

1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் இந்தச் சிங்கப்பூரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒரு டாக்சிகூட ஓடவில்லை.

பார்த்தீர்களா, பின்வரிசையில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த தம்பிகூட நிமிர்ந்துவிட்டார்! முன்வரிசையில் ஐயா ஒருவர் சிரிக்கிறார், அவருக்கு விடை தெரியும். அந்த அரை மணி நேரமே கிடையாது. இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12க்குத் தள்ளிவைத்து, 1982ஐப் பிறக்கவைத்துவிட்டார்கள். தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் இருக்கட்டும் என்று மலேசியா முடிவு செய்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நேரம், இந்தப் பக்கம் ஒரு நேரம் என்றால் வியாபாரம் நடக்குமா? நாமும் கூடவே நகர்ந்தோம்.

அதற்கு முன்னால் நம் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1905இல் ஏழு மணி நேரமாக இருந்தது, 1933இல் இருபது நிமிடம் கூடியது, கடைசியில் ஏழரை. அந்த ஏழரை சிங்கப்பூரைப் பிடித்த நாள் 1941 செப்டம்பர் 1. ஐந்தரை மாதத்தில் ஜப்பான்காரன் உள்ளே வந்துவிட்டான்! ஜோதிடம் பார்ப்பவர்கள் கைதட்ட வேண்டாம், இது தற்செயல்தான்.

அக்கா 1942 பிப்ரவரி 15ஐச் சொன்னார். பிரிட்டிஷ் படை சரணடைந்த நாள். பெரிய நிகழ்வுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தத் தோல்வி சாதாரண வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது? கடிகாரம் வழியாக. ஊரின் பெயரை சியோனான் என்று மாற்றிய கையோடு தோக்கியோ நேரத்தையும் கொண்டுவந்தார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விட்டது. கடிகாரத்தில் எட்டு மணி தாண்டிய பிறகுதான் விடியல். உலை வைக்கிற நேரம், வேலைக்குப் போகிற நேரம், பிள்ளையை எழுப்புகிற நேரம் எல்லாம் வேறொரு நாட்டுச் சூரியனுக்குப் போய்விட்டன. "சரணடைந்தது" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இது எங்கே இருக்கிறது? கடிகாரத்துக்குள் இருக்கிறது.

நம் வீட்டுக் கதைக்கும் வருகிறேன். 1982க்கு முன் சிங்கப்பூரில் பிறந்தவருக்குக் கணினியில் ஜாதகம் எடுக்கும்போது எட்டு மணி நேரக் கணக்கைப் போட்டுவிட்டால், பிறந்த நேரம் அரை மணி பிசகும். சிலருக்கு லக்னமே மாறிவிடும். வராத வரனுக்கு யார் யாரையோ திட்டுகிறோம், மலேசிய நேரத்தைத் திட்டியிருக்கிறோமா? ஊரிலிருந்து வரும் நாள்காட்டியில் திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று இருக்கும். அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் கணக்கு. இங்கே ஏழரைக்குச் சூரியன் அப்போதுதான் எதிர் புளோக்குக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. ராகு எழுந்து பல்கூடத் தேய்த்திருக்க மாட்டார்.

சரி. எதிரணித் தம்பி ஒருவர் வலுவான கேள்வி கேட்டார். "விநோதம் என்று வருவதில் பாதி பொய். வாட்ஸப்பில் வருவதை எல்லாம் வரலாறு என்பீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ராஃபிள்ஸ் ஹோட்டலில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலியைச் சுட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. மேசைக்கு அடியில் இல்லை தம்பி. அந்த பில்லியர்ட்ஸ் கட்டடம் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியது, புலி கட்டடத்துக்கு அடியில் பதுங்கியிருந்தது. காட்டுப் புலியும் அல்ல, வித்தை காட்டும் கூட்டத்திலிருந்து தப்பி வந்தது. 1902இல் ராஃபிள்ஸ் பள்ளி முதல்வர் ஃபிலிப்ஸ் வந்து சுட்டார். ஒரு பள்ளி முதல்வரைக் கூப்பிட்டுப் புலியைச் சுடச் சொன்ன ஊர் இது! பொய்யைக் கழித்த பிறகும் கதை குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. "மேசைக்கு அடியிலா, கட்டடத்துக்கு அடியிலா?" என்று ஒருவன் தேட ஆரம்பித்தானே, அந்தத் தேடலுக்குப் பெயர்தான் வரலாறு. 1965 என்று மனப்பாடம் செய்தவன் எதைத் தேடினான்?

இப்போது என் முக்கியமான சாட்சியை அழைக்கிறேன் நடுவர் அவர்களே. சாட்சி ஒரு கல்.

1819ஆம் ஆண்டு. சிங்கப்பூர் ஆறு கடலில் கலக்கும் இடம், இன்றைக்கு ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் நிற்கும் பக்கம். காடு வெட்டும்போது ஒரு பெரிய பாறை தென்பட்டது. சுமார் பத்தடி உயரம், இரண்டாகப் பிளந்து நின்றது. உள்முகத்தில் ஐம்பது வரிபோல எழுத்து. எந்த மொழி? எவருக்கும் தெரியாது. ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா தன் வாழ்க்கைக் கதையில் அந்தக் காட்சியை எழுதி வைத்திருக்கிறார். இந்துக்கள் வந்து "இது எங்கள் எழுத்து" என்றார்களாம், படிக்கத்தான் முடியவில்லை. சீனர்கள் வந்து "இது சீன எழுத்து" என்றார்களாம். அப்துல்லா போய்ப் பார்த்தார், அவர் கண்ணுக்கு அரபு எழுத்துப் போலத் தோன்றியது, அவராலும் படிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அவர் மலாக்காவில் தமிழும் கற்றவர். ஒருவர் மாவைப் பிசைந்து எழுத்தின்மேல் அப்பி அச்செடுத்துப் பார்த்தார். இன்னொருவர் கறுப்பாக ஏதோ ஊற்றிப் பார்த்தார். கல் வாய் திறக்கவில்லை.

மலாய்ப் பழங்கதையில் இந்தக் கல்லுக்கு வேறு ஒரு வரலாறு உண்டு. பாடாங் என்ற பலசாலி இங்கே இருந்தான். அவனோடு மோத இந்தியக் கரையிலிருந்து ஒரு பலசாலி வந்தான், பந்தயம் ஏழு கப்பல் சரக்கு. நம்மாள் அரண்மனை முன்னால் கிடந்த பாறையை முழங்கால் அளவுக்குத் தூக்கிவிட்டுப் போட்டான். பாடாங் அதைத் தூக்கிச் சுழற்றி ஆற்று வாயில் எறிந்தான். ஏழு கப்பலும் போச்சு. தோற்றது நம் பக்கம் என்பதால் இந்தக் கதையை நாம் மேடையில் அதிகம் சொல்வதில்லை!

பிறகு 1843. ஆற்று முகத்தைச் சீராக்க வேண்டும், கட்டடம் எழுப்ப வேண்டும் என்று கேப்டன் ஸ்டீவன்சன் என்ற அதிகாரி கல்லை வெடி வைத்துத் தகர்த்தார். பழியை அப்துல்லா போட்டது கோல்மன் என்ற பொறியாளர்மேல். கோல்மன் 1841லேயே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார், பாவம். சிதறிய துண்டுகளில் சிலவற்றைக் கர்னல் ஜேம்ஸ் லோ என்பவர் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இன்னொரு துண்டு எங்கே இருந்தது தெரியுமா? கருவூலத் தாழ்வாரத்தில். காவல் சிப்பாய்களும் காரியமாக வந்தவர்களும் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுநர் பட்டர்வொர்த் அதைக் கண்டெடுத்த நேரத்தில் எழுத்து கிட்டத்தட்டத் தேய்ந்துபோயிருந்தது. நடுவர் அவர்களே, ஒரு நாட்டின் பழைய எழுத்து எதனால் அழிந்தது என்று கேட்டால், படையெடுப்பால் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்தே அழித்திருக்கிறார்கள்!

கல்கத்தாவிலிருந்து திரும்பி வந்த துண்டு ஸ்டாம்ஃபர்ட் சாலை தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றுவரை முழுதாக யாரும் படிக்கவில்லை. ஆனால் 2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் அதில் "கேசரிவ" என்று எழுத்துகள் தெரிவதாகவும், அது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் எழுதினார். இருக்கலாம். முடிவாகவில்லை, நானும் முடிவு சொல்லப்போவதில்லை. எதிரணி ஒன்றை மட்டும் யோசிக்கட்டும். ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பியது உங்கள் கணக்கில் மாபெரும் நிகழ்வு. அந்த மாபெரும் நிகழ்வு சிங்கப்பூரைத் தொட்டதா இல்லையா என்று சொல்ல, சிப்பாய் உட்கார்ந்த கல்லின் கூடப்பிறந்த துண்டிடம் அல்லவா போய் நிற்க வேண்டியிருக்கிறது!

முதல் மணி அடித்துவிட்டார்கள். வேகமாகப் போகிறேன். நாடாளுமன்றப் பழைய கட்டடத்தின் முன் நிற்கும் வெண்கல யானையை விட்டுவிடுகிறேன். சயாம் மன்னர் சூலாலங்கோன் 1871இல் வந்துபோனதற்குத் தந்த பரிசு. 1919இல் ராஃபிள்ஸ் சிலைக்கு இடம் வேண்டுமென்று யானை நகர்த்தப்பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் முட்டையை விடமாட்டேன். முட்டை பத்து வெள்ளி விலை விற்றாலும் விடமாட்டேன்.

நகர மண்டபம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் வெள்ளை வெளேரென்று செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1862இல் புனிதப்படுத்தினார்கள். பாடநூலில் "இந்தியக் கைதிகள் கட்டினார்கள்" என்று அரை வரி இருக்கும். இப்போது உள்சுவர்ப் பூச்சைக் கேளுங்கள். முட்டையின் வெள்ளைக் கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் குழைக்க வேண்டும். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பில் அதைக் கலக்க வேண்டும். தண்ணீர் சாதாரணத் தண்ணீர் கூடாது, தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீர். தீபாவளிப் பலகாரக் குறிப்பு மாதிரி இருக்கிறதா? இன்னும் முடியவில்லை. சுவரில் பூசி, ஈரம் சற்றே வாங்கியதும் உருண்டைக் கல்லாலோ படிகக் கல்லாலோ பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். நடுநடுவே மாக்கல் பொடி தூவ வேண்டும். சென்னைப் பட்டணத்துச் சுண்ணாம்புப் பூச்சு. நம் பக்கத்துக் கொத்தனார் கை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் காலில் விலங்கோடு கப்பலேறியவர். 1825 முதல் கைதிகளை இங்கே கொண்டுவந்தார்கள், 1873 வரை வைத்திருந்தார்கள். இஸ்தானா கட்டியதும் இவர்கள்தான். இவர்களைக் காவல் காத்தது யார்? நன்னடத்தையோடு இருந்த மற்ற கைதிகள்! கைதிக்குக் கைதியே காவல். பொறுப்பில் இருந்த மக்நேர் என்ற பொறியாளர் 1899இல் இதையெல்லாம் எழுதிவைத்தார். அதனால்தான் நமக்கு முட்டை தெரிகிறது. தேய்த்தவர்கள் எவருடைய பெயரும் உங்கள் 1819இலும் இல்லை, 1965இலும் இல்லை. அவர்கள் நமக்குக் கிடைப்பது அந்தப் பளபளப்பில் மட்டும்தான். அந்த இடத்தையும் துணுக்கு என்று தள்ளிவிட்டால், அவர்கள் எங்கே போய் நிற்பார்கள்?

இன்னொரு பெயர் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1830களில் நியூசிலாந்தின் வடக்கே கொலென்சோ என்ற கிறித்துவச் சமயப் பணியாளர் போகிறார். மவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைக்கிறார்கள். பார்த்தால் அது பாத்திரம் இல்லை, விளிம்பு உடைந்த மணி, கவிழ்த்து வைத்தது. பெருங்காற்றில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள். இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். மணியில் தமிழ் எழுத்து! முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. அந்தக் கப்பல் அங்கே போனதா, மணி மட்டும் கைமாறிப் போனதா, தெரியாது. வெலிங்டன் அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்தக் கப்பல்காரர் எந்தப் போரையும் வெல்லவில்லை, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. ஆனாலும் இந்த அரங்கில் இன்று அவர் பெயர் ஒலிக்கிறது. அதைச் செய்தது உருளைக்கிழங்கு.

இரண்டாவது மணியும் அடித்தாயிற்று, இது என் நேரம் முடிந்த மணி. ஒரே ஒரு வேண்டுகோள். எதிரணியின் நிறைவுப் பேச்சாளர் வந்து பேசும்போது, 1843இல் அந்தக் கல்லைத் தகர்த்ததைத் தம்முடைய பெரிய நிகழ்வுகளின் பட்டியலில் எந்த இடத்தில் வைப்பார் என்று சொல்லிவிட்டுத் தொடரட்டும். பட்டியலில் இடமே இல்லை என்றால், ஏன் இல்லை என்றும் சொல்லட்டும். தீர்ப்பை நடுவர் கையில் விடுகிறேன். நன்றி, வணக்கம்.