‘ஸ்டாப்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது?

வணக்கம். ஆங்கிலத்தில் சில வினைச்சொற்களுக்குப் பிறகு ‘டு’ சேர்ந்த வினை வந்தால் ஒரு பொருளும், ‘இங்’ விகுதி பெற்ற வினை வந்தால் வேறொரு பொருளும் கிடைக்கும். இந்தக் காணொளியில் அந்தச் சொற்களை மட்டுமே பார்க்கப் போகிறோம்.

‘ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்’ என்றால், கதவைப் பூட்ட வேண்டும் என்பது மறக்காமல் நினைவுக்கு வந்து, பூட்டியும்விட்டேன் என்று பொருள். ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’ என்றால், முன்பே பூட்டியது இப்போது நினைவில் இருக்கிறது. நாமும் ‘பூட்ட மறந்தேன்’, ‘பூட்டியதை மறந்தேன்’ என்று இதே வேறுபாட்டைத் தவறில்லாமல் பேசுகிறோம். ‘வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று தொடங்கும் கடிதம் கெட்ட செய்தியை இனிமேல்தான் சொல்லப் போகிறது; ‘ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்’ என்பவரோ சொல்லிவிட்டு வருந்துகிறார்.

இவற்றை வைத்துக்கொண்டு, ‘இங்’ என்றால் நடந்தது, ‘டு’ என்றால் நடக்கப் போவது என்று எனக்கு ஒரு விதியைச் சொல்லித் தந்தார்கள். அந்த விதி ‘ஸ்டாப்’ என்ற சொல்லில் உதவவில்லை. சோதனையைக் கைவிட்டுவிட்டோம் என்று தெரிவிக்க நினைத்து, ‘வி ஸ்டாப்ட் டு டெஸ்ட் த மெஷின்’ என்று ஒருமுறை மின்னஞ்சல் எழுதினேன். படித்தவரோ, இயந்திரத்தைச் சோதிப்பதற்காக நாங்கள் மற்ற வேலையை நிறுத்தியிருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு, முடிவுகளைக் கேட்டுப் பதில் அனுப்பினார். ‘ஸ்டாப்ட் டெஸ்டிங்’ என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

இங்கே காலத்தைத் தேடாமல், ‘எதை’, ‘எதற்கு’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எதை நிறுத்தினோம் என்பதற்கு விடையாக வருவது ‘இங்’ வடிவம். அது பெயர்ச்சொல்லாகி, செயப்படுபொருளாக நிற்கிறது. எதற்கு நின்றோம் என்பதற்கு விடையாக வருவது ‘டு’ வடிவம். தமிழில் ‘நில்’, ‘நிறுத்து’ என்று தனித்தனி வினைகள் இருப்பதால் ‘பேச நின்றார்’, ‘பேசுவதை நிறுத்தினார்’ என்ற இரண்டும் நமக்கு ஒருபோதும் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே ‘ஸ்டாப்’ இரண்டு வேலையையும் செய்வதால், பின்னால் வரும் வடிவம்தான் பொருளைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

‘கோ ஆன் டாக்கிங்’ என்றால் விடாமல் பேசிக்கொண்டே போவது. ‘கோ ஆன் டு டாக்’ என்றால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததாகப் பேசத் தொடங்குவது. ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’ ஆகியவற்றில் பெரும்பாலும் எந்த வடிவம் வந்தாலும் பொருள் மாறாது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ட்ரை’ என்ற சொல்தான். ‘ஐ ட்ரைட் டு ஓபன் த விண்டோ’ என்பதைச் ‘சன்னலைத் திறக்க முயன்றேன்’ என்று சொல்லலாம். அது இறுகிக்கிடந்து, கடைசிவரை திறக்காமலே போயிருக்கலாம். ‘ஐ ட்ரைட் ஓபனிங் த விண்டோ’ என்பதற்குச் ‘சன்னலைத் திறந்து பார்த்தேன்’ என்பதே அச்சாகப் பொருந்தும். சன்னல் திறந்துவிட்டது, அறையின் புழுக்கம் குறைந்ததா என்பதுதான் இனித் தெரிய வேண்டும்.