முதல் வாரத்தில் விற்பது முந்தைய பாகம்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

2022 நவம்பர் 18ஆம் தேதி போக்கிமான் ஸ்கார்லெட், போக்கிமான் வயலட் என்ற இரட்டை வீடியோ விளையாட்டுகள் நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் கன்சோலுக்கு, அதாவது வீடியோ விளையாட்டுக் கருவிக்கு, வெளிவந்தன. அன்றே அவற்றின் குறைகளும் ஊரறிந்துவிட்டன. பாத்திரங்கள் தரைக்குள் புதைந்தன. காட்சிகள் திக்கித் திணறி நகர்ந்தன. விமர்சகர்கள் வாரி இறைத்துத் திட்டினார்கள். மூன்றே நாட்களில் உலகெங்கும் 1 கோடிப் பிரதிகள் விற்றன. நின்டெண்டோ கன்சோல் எதிலும் எந்த விளையாட்டும் அதற்கு முன் அவ்வளவு வேகமாக விற்றதில்லை.

அடுத்த ஆண்டு மே 12ஆம் தேதி அதே கன்சோலுக்கு செல்டா தொடரின் ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ வந்தது. ஆண்டுக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்த விளையாட்டு. குறை சொல்ல விமர்சகர்கள் தேடித் திரிய வேண்டியிருந்தது. அதுவும் மூன்று நாட்களில் 1 கோடிதான் விற்றது.

பழுதோடு வந்ததும் 1 கோடி, பளபளப்பாக வந்ததும் 1 கோடி. போக்கிமானுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு, இரண்டையும் வாங்குகிற பித்தர்களும் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் எண்கள் அதிகம் விலகப்போவதில்லை. இந்த வகை விற்பனைக் கணக்குகளைப் பின்தொடர்வது எனக்கு நெடுநாள் பழக்கம். ஒரு கன்சோலுக்கு மட்டுமே வருகிற தொடர் விளையாட்டின் முதல் வார விற்பனை, அந்த விளையாட்டைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்ற எண்ணம் எனக்கு நாளுக்கு நாள் வலுப்படுகிறது. அந்த வாரத்தில் கடைக்குப் போகிறவர் புதிய விளையாட்டைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்தது முந்தைய பாகம். அதன் மீதுள்ள நம்பிக்கைக்குத்தான் அவர் பணம் கொடுக்கிறார்.

அந்த நம்பிக்கைக்கும் ஒரு கூரை உண்டு. அதுதான் கன்சோல்களின் எண்ணிக்கை. ஒரே கன்சோலுக்கு மட்டும் வருகிற விளையாட்டை அந்தக் கன்சோல் இல்லாதவர் வாங்க மாட்டார். ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ வந்தபோது ஸ்விட்ச் ஏறத்தாழ 12.5 கோடி விற்றிருந்தது. ஆக, வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 8 பேர் மூன்றே நாளில் வாங்கினார்கள். ‘ஸ்பைடர்மேன் 2’ 2023 அக்டோபர் 20ஆம் தேதி சோனியின் பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் வந்து, 24 மணி நேரத்தில் 25 லட்சம் விற்றது. அப்போது அந்தக் கன்சோல் 4 கோடிக்கு மேல் விற்றிருந்தது. நூற்றுக்கு 6 பேர், ஒரே நாளில். மொத்த எண்ணில் செல்டா பெரிது. விகிதத்தில் பார்த்தால் ஸ்பைடர்மேன் ஒன்றும் சளைத்ததில்லை. செய்திகளில் வருவது எப்போதும் மொத்த எண் மட்டுமே.

கூரை தாழ்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘மரியோ கார்ட் 8’ நல்ல சான்று. தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கன்சோலுக்கு இதற்கு முன் வந்த பாகம், நின்டெண்டோவின் வீ கன்சோலில் 3.7 கோடிப் பிரதிகள் விற்ற விளையாட்டு. அதைவிடப் பெரிய நம்பிக்கை மூலதனம் எவரிடமும் கிடையாது. ஆனால் எட்டாம் பாகம் 2014இல் வந்து இறங்கிய இடம் வீக்கு அடுத்து வந்த வீ யூ என்ற கன்சோல். அது ஆயுள் முழுவதும் விற்றதே சுமார் 1.35 கோடிதான். முதல் வார இறுதியில் விளையாட்டு 12 லட்சத்தை ஒட்டி விற்றது, கடைசியில் 84 லட்சத்தோடு நின்றது. சில கூடுதல்களோடு அதே விளையாட்டு 2017இல் ஸ்விட்சுக்கு வந்து 6 கோடியைத் தாண்டியது. விளையாட்டு அதே விளையாட்டு. வீடுகள் மாறின, அவ்வளவுதான்.

ஜப்பானின் டிராகன் குவெஸ்ட் தொடரை உருவாக்கியவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அதிக வீடுகளில் எந்தக் கன்சோல் இருக்கிறதோ அதற்குத்தான் அவர்கள் அடுத்த பாகத்தைக் கொண்டுபோவார்கள். எட்டாம் பாகம் 2004இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. ஒன்பதாம் பாகத்தைப் பெரிய கன்சோல்களையெல்லாம் தாண்டிக் கையடக்க நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு எடுத்துச் சென்றார்கள். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2009 ஜூலையில் முதல் இரண்டு நாட்களில் ஜப்பானில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. முகம் சுளித்தவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கூரை இருக்கட்டும், நம்பிக்கை எப்படிச் சேர்கிறது? முந்தைய பாகம் நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அது எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு. இதை முதலில் புரிந்துகொண்டு துணிந்து செய்தது சேகா நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு என்று நினைக்கிறேன். 1991இல் அங்கே பொறுப்பில் இருந்த டாம் கலின்ஸ்கி, கன்சோல் பெட்டிக்குள் இலவசமாக வைத்திருந்த பழைய விளையாட்டை எடுத்துவிட்டு, அந்த ஆண்டுதான் வெளிவந்த ‘சோனிக்’ விளையாட்டை வைக்கச் சொன்னார். நிறுவனத்தின் மிகச் சிறந்த சரக்கை இலவசமாகக் கொடுப்பதா என்று ஜப்பானியத் தலைமையகத்தில் எதிர்ப்பு இருந்தது. நியாயமான எதிர்ப்புதான், கையிலிருக்கிற காசை விடுவது யாருக்கும் எளிதல்ல. ஆனால் அதன் பலன் அடுத்த ஆண்டில் தெரிந்தது. கன்சோல் வாங்கியவர்களில் கணிசமானோர் வீட்டில் சோனிக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாகத்தை அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டிய வேலையே இல்லை, எந்த நாளில் வருகிறது என்று சொன்னால் போதும்.

அந்த நாளையும் சேகா ஒரு திருவிழாவாக ஆக்கியது. அதுவரை விளையாட்டுகள் லாரி வந்து சேரும்போது கடைக்கு வரும், கடைக்காரர் பிரிக்கும்போது விற்கும். 1992 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரே நாளில் ‘சோனிக் 2’ விற்பனைக்கு வந்தது. ஒரே வெளியீட்டு நாள் என்ற ஏற்பாடு இன்று இயல்பாகிவிட்டது. அன்று அது புதுமை. நாள் என்று ஒன்று இருந்தால்தான் முன்பதிவு இருக்கும், நள்ளிரவு வரிசை இருக்கும், செய்தி இருக்கும்.

இன்றும் இதே வேலை வேறு வேறு வடிவங்களில் நடக்கிறது. ‘அன்சார்ட்டட்’ தொடரின் முதல் மூன்று பாகங்கள் பிளேஸ்டேஷன் 3இல் வந்தவை. நான்காவது, பிளேஸ்டேஷன் 4க்கு. புதிய கன்சோலை வாங்கியவர்களில் பலருக்குப் பழைய கன்சோல் இருந்ததில்லை. எனவே சோனி 2015 அக்டோபரில் மூன்று பாகங்களையும் புதுப்பித்து ஒரே தொகுப்பாகக் கொடுத்தது, கன்சோலோடு சேர்த்தும் விற்றது. ஏழு மாதம் கழித்து வந்த நான்காம் பாகம் முதல் வாரத்தில் 27 லட்சம் விற்றது. ‘ஹொரைசன்’ விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், 2021இல் முதல் பாகத்தைச் சில வாரங்களுக்கு எல்லோருக்கும் இலவசமாகவே திறந்துவிட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் இரண்டாம் பாகம். இது தானதருமம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அது விதைநெல் போலத்தான் தெரிந்தது.

இதன் மறுபக்கம் ‘ஃபைனல் ஃபேண்டசி 7’. 1997இல் பிளேஸ்டேஷனில் வந்த புகழ்பெற்ற விளையாட்டு. அதை ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் மூன்று பகுதிகளாகப் பிரித்து மறுஆக்கம் செய்யத் தொடங்கியது. முதல் பகுதியான ‘ரீமேக்’ 2020 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4க்கு வந்து மூன்று நாட்களில் 35 லட்சத்தைத் தொட்டது. இரண்டாவதான ‘ரீபர்த்’ 2024 பிப்ரவரி 29ஆம் தேதி பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் வந்தது. விமர்சகர்களின் மதிப்பீட்டில் இரண்டாவதே மேல். ஆனால் அதற்கு அப்படியொரு மூன்று நாள் எண்ணை நிறுவனம் வெளியிடவே இல்லை. எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று பின்னர் சொன்னார்கள். அந்த ஆண்டு மே மாதத்திலேயே இனி எங்கள் பெரிய விளையாட்டுகள் பல கன்சோல்களுக்கும் கணினிக்கும் வரும் என்று கொள்கையை மாற்றிக்கொண்டார்கள்.

எங்கே சறுக்கியது? கூரை ஒரு காரணம். 2020இல் பிளேஸ்டேஷன் 4, 10 கோடிக்கு மேல் விற்றிருந்தது. 2024 தொடக்கத்தில் பிளேஸ்டேஷன் 5, 5 கோடியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. ஆனால் அதைவிட முக்கியமானது வேறொன்று. ‘ரீமேக்’ வாங்கியவர்கள் 1997இன் நினைவுக்குப் பணம் கொடுத்தார்கள். இருபத்து மூன்று ஆண்டுகள் சேர்ந்த ஏக்கம் மூன்று நாளில் கொட்டியது. ‘ரீபர்த்’ அந்த ஏக்கத்தின் மீது நிற்க முடியாது, ‘ரீமேக்’கை முடித்தவர்கள் மீதுதான் நிற்க முடியும். வாங்கியவர்கள் எல்லோரும் முடிப்பதில்லை. முடித்தவர்கள் எல்லோரும் புதிய கன்சோலுக்கு மாறியிருக்கவில்லை. போதாக்குறைக்கு இது நடுப்பகுதி. கதை இதிலும் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றும் வந்த பிறகு சேர்த்து வாங்கிக்கொள்ளலாமே என்று நினைக்கிறவரை எந்த விளம்பரம் அசைக்கும்?

இங்கேதான் அவசரம் என்ற கேள்வி வருகிறது. நம்பிக்கை இருந்தால் வாங்குவார்கள், சரி. ஏன் முதல் வாரமே வாங்க வேண்டும்? ஆறு மாதம் பொறுத்தால் விலை குறையும், பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும்.

‘ஹேலோ 2’ இதற்கு அருமையான பதில். முதல் ‘ஹேலோ’ 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலோடு கூடவே வந்தது. நான்கு கன்சோல்களைக் கம்பிகளால் இணைத்துப் பதினாறு பேர் மோதலாம். கனமான பெட்டிகளையும் தொலைக்காட்சிகளையும் நண்பர் வீட்டுக்குத் தூக்கிச் சென்று விளையாடியவர்கள் ஏராளம். இணையம் வழியாக விளையாடும் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை ஓராண்டு கழித்துத்தான் வந்தது. முதல் ஹேலோவுக்கு அது எட்டவில்லை. ஆக, மூன்று ஆண்டுகளாக ஒரு கூட்டமே இணைய மோதலுக்காகக் காத்திருந்தது. 2004 நவம்பர் 9ஆம் தேதி ‘ஹேலோ 2’ அதைக் கொடுத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 24 மணி நேரத்தில் 24 லட்சம் பிரதிகள், 12.5 கோடி டாலர். முன்பதிவே 15 லட்சத்துக்கு மேல். நண்பர்கள் எல்லோரும் அன்றிரவு களத்தில் இருக்கும்போது ஆறு மாதம் பொறுத்து வாங்குகிறவருக்கு மிஞ்சுவது கைதேர்ந்த எதிரிகள் மட்டும்தான். முந்தைய பாகம் தூண்டிவிட்டுத் தீர்க்காமல் விட்ட பசி எது என்று கண்டு அதற்குச் சோறு போட்ட தொடர்ச்சி அது. மேலும் அழகான படம், மேலும் பெரிய வரைபடம் என்று கொடுப்பதெல்லாம் இதற்கு உறைபோடக் காணாது.

ஜப்பானில் ‘ஸ்ப்ளாட்டூன் 3’ 2022 செப்டம்பரில் மூன்று நாட்களில் 34.5 லட்சம் விற்றதும் இந்த வழியில்தான். வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நாள் இலவசப் போட்டியை நடத்திக் கூட்டத்தைத் திரட்டிவிட்டார்கள். தனியாளாக ஆடும் கதை விளையாட்டுகளில் நண்பர்களுக்குப் பதில் வேறொரு பயம் வேலை செய்கிறது: கதையை யாராவது போட்டு உடைத்துவிடுவார்களோ என்று. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ கதையின் முக்கியத் திருப்பங்கள் வெளியீட்டுக்குப் பல வாரங்கள் முன்பே கசிந்தன. கோபமும் கூச்சலும் இணையம் முழுக்க. 2020 ஜூன் 19 தொடங்கி மூன்று நாட்களில் 40 லட்சம் விற்றது. கசிந்ததால் விற்பனை குறைந்ததா கூடியதா என்று யாராலும் நிறுவ முடியாது. மிச்சமாவது கெடாமல் இருக்கட்டும் என்று ஓடியவர்களும் அந்த 40 லட்சத்தில் இருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

விளம்பரம், விமர்சனம் இவற்றைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை. விளம்பரம் ஏற்கெனவே இருக்கிற நம்பிக்கைக்கு நாள் குறித்துக் கொடுக்கிறது. விமர்சனங்கள் வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்புதான் வருகின்றன, முன்பதிவு செய்தவர் அதற்குள் முடிவெடுத்துவிட்டார். நாள் தேர்வு மட்டும் கொஞ்சம் கொல்லும். முதல் ‘ஹொரைசன்’ வந்த அதே வாரத்தில், 2017 மார்ச் 3ஆம் தேதி, செல்டா வந்தது. இரண்டாம் ‘ஹொரைசன்’ வந்து சரியாக ஒரு வாரத்தில், 2022 பிப்ரவரி 25ஆம் தேதி, ‘எல்டன் ரிங்’ வந்தது. ஜாதகக் கோளாறு என்றுதான் சொல்ல வேண்டும். ‘டூம்ப் ரெய்டர்’ தொடரின் 2015ஆம் ஆண்டுப் பாகம் எக்ஸ்பாக்சுக்கு மட்டும் முதலில் வந்தபோது, ‘ஃபால்அவுட் 4’ வெளியான அதே நாளில், நவம்பர் 10ஆம் தேதி, வெளியிட்டார்கள். அது கோளாறு அல்ல, கண்ணைத் திறந்துகொண்டே குழியில் இறங்கியது.

இப்போது கூரையே ஆட்டம் காண்கிறது. 2023இல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த ஆவணங்களில், ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ செய்ய 22 கோடி டாலர் ஆனது என்றும் இரண்டாம் ‘ஹொரைசனுக்கு’ 21.2 கோடி டாலர் ஆனது என்றும் தெரியவந்தது. அவ்வளவு பணத்தை ஒரே கன்சோலில் திரும்ப எடுப்பது கடினம். எனவே சோனியின் விளையாட்டுகள் பல சில காலம் கழித்துக் கணினிக்கும் வருகின்றன. காத்திருந்தால் வரும் என்று தெரிந்த பிறகு முதல் வாரக் கூட்டத்தில் ஒரு பகுதி வீட்டிலேயே இருந்துவிடும். மைக்ரோசாஃப்டோ 2018 முதல் தன் விளையாட்டுகளைச் சந்தாதாரர்களுக்கு முதல் நாளே கொடுத்து, விற்ற பிரதி என்ற எண்ணை விட்டுவிட்டு, விளையாடியவர் எண்ணிக்கையைச் சொல்லத் தொடங்கியது. ‘ஹேலோ இன்ஃபினிட்’டை 2 கோடிப் பேர் விளையாடினார்கள் என்றார்கள். அதில் எத்தனை பேர் பணம் கொடுத்து வாங்கினார்கள் என்று அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

என் வாதத்துக்கு முட்டுக்கட்டையாக ஒரு விளையாட்டு நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் ‘ஹெல்டைவர்ஸ்’ என்று ஒரு சிறிய விளையாட்டு வந்தது, அதை அறிந்தவர்கள் சிலரே. இரண்டாம் பாகம் 2024 பிப்ரவரி 8ஆம் தேதி, பிளேஸ்டேஷன் 5க்கும் கணினிக்கும் ஒரே நாளில், வழக்கத்தைவிடக் குறைந்த 40 டாலர் விலையில் வந்தது. கூட்டம் தாங்காமல் சேவையகங்கள் திணறின. பன்னிரண்டு வாரங்களில் 1.2 கோடி விற்றது. முந்தைய பாகத்தின் நம்பிக்கை என்று அங்கே ஏதுமில்லை. பார்த்தவர் பார்க்காதவரை இழுத்துவந்த விற்பனை அது; முதல் மூன்று நாளைவிட அடுத்த பத்து வாரங்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தின. அதற்கு மூன்றாம் பாகம் என்று ஒன்று வந்தால், அதன் முதல் மூன்று நாள் கணக்கைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் தேடிப் பார்ப்பேன்.

வணக்கம்.